மடி நிறைய ரோஜாப் பூ

புத்திமதி என்றால் யாருக்குத்தான் பிடிக்கிறது? வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்படி வா, ஒரு விஷயம் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் போதும். பிள்ளைக்கு முடிக்காத வீட்டுக் கணக்கு ஞாபகம் வந்துவிடும். பெண்ணுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும். ஐந்தே நிமிஷத்தில் கூடத்தில் பெரியவரும் அவருடைய சாய்வு நாற்காலியும்தான் மிச்சம்!

இப்படிப்பட்ட உலகத்தில், ஒருவருடைய புத்திமதியை மட்டும் 760 வருஷங்களுக்கு மேலாக ஜனங்கள் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? அவர்தான் பாரசீகக் கவி ஷேக் ஸாதி. ஷீராஸ் நகரத்துக்காரர். கசப்பு மருந்தை வெல்லத்துக்குள் பொதிந்து கொடுக்கும் வித்தை தெரிந்தவர். வாயில் போட்டுக்கொள்ளும்போது அது கதை. உள்ளே போன பிறகுதான் தெரியும், மருந்து என்று.

அந்தக் கதைகளில் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், பால் பொங்குவதற்குள் ஒவ்வொன்றும் முடிந்துவிடும்.

தோட்டத்தில் ஒரு காலை

ஸாதி ஒரு சமயம், இனிப் பேசுவதே வேண்டாம் என்று முடிவு செய்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். அது வரை பேசியதெல்லாம் வீண் என்று தோன்றிவிட்டது. பழைய சிநேகிதர் ஒருவர் பார்க்க வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார், சிரிக்க வைத்துப் பார்த்தார், பதில் இல்லை. "நீ வாய் திறக்கிற வரை நான் இந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை" என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் சிநேகிதம்தான் ஜெயித்தது. இருவரும் வெளியே கிளம்பி, ஒரு தோட்டத்தில் இரவைக் கழித்தார்கள். வசந்த காலம். மரமெல்லாம் பூ.

காலையில் ஊர் திரும்பும் நேரம். சிநேகிதர் தம் அங்கியின் மடி கொள்ளாமல் ரோஜாவும் மற்றப் பூக்களுமாகப் பறித்து வைத்திருந்தார். ஸாதி பார்த்தார். "இது எத்தனை நாளைக்கு வாடாமல் இருக்கும்? நான் வாடாத ரோஜாத் தோட்டம் ஒன்று போட்டுத் தருகிறேன்" என்றார். அவ்வளவுதான்! சிநேகிதர் மடியிலிருந்த பூவையெல்லாம் அப்படியே கீழே கொட்டிவிட்டு, ஸாதியின் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லைக் காப்பாற்று!" என்றார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார் ஸாதி. தோட்டத்தில் ரோஜாப் பருவம் முழுவதும் முடிவதற்குள் புஸ்தகம் முடிந்துவிட்டது. அதன் பெயர் 'குலிஸ்தான்'. குலிஸ்தான் என்றால் ரோஜாத் தோட்டம். எட்டு அத்தியாயங்கள், உரைநடையில் குட்டிக் கதைகள், நடுநடுவே செய்யுள். அதற்கு முந்தின வருஷம், 1257-ல், முழுவதும் செய்யுளிலேயே 'போஸ்தான்' என்ற இன்னொரு நூலை முடித்திருந்தார். போஸ்தான் என்றால் மணம் கமழும் தோப்பு.

பூ, தோட்டம், சிநேகிதம்... எவ்வளவு ரம்மியமாக இருக்கிறது! ஆனால் அது எந்த வருஷம் என்று பாருங்கள். 1258.

அந்த வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் மங்கோலியத் தளபதி ஹுலாகு கானின் சேனை பாக்தாத் நகரத்தைப் பிடித்தது. ஐந்நூறு வருஷப் பெருமை கொண்ட தலைநகரம் கொள்ளை போயிற்று. கலீபா கொல்லப்பட்டார். எண்ணற்ற ஜனங்கள் மாண்டார்கள். ஸாதிக்கு பாக்தாத் வெறும் பெயர் அல்ல. அங்கே நிஜாமியா கலாசாலையில் படித்தவர் அவர். நகரத்துக்காக அழுது இரங்கல் பாட்டும் எழுதினார். ஷீராஸை ஆண்ட சிற்றரசர் மங்கோலியருக்குக் கப்பம் கட்டித் தம் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்படிப் பிழைத்த ஊரில் உட்கார்ந்துதான் ஸாதி தோட்டம் போட்டார்.

ஆகவே, வயிறு நிறைந்தவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொன்ன புத்திமதி அல்ல இது. தாம் படித்த நகரம் பாழான பிறகு, 'இனி எதைக் காப்பாற்றலாம்?' என்று யோசித்த மனிதர் சொன்னது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? உப்பைப் பற்றிச் சொன்னார். நாக்கைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு வரும் விருந்தாளியைப் பற்றியும், தாயாரின் கண்ணீரைப் பற்றியும் சொன்னார். பெரிய மாளிகைகள் போனாலும் இவை நம் கையில் இருக்கின்றன அல்லவா?

ஒரு பிடி உப்பு

நௌஷீர்வான் என்ற பாரசீகச் சக்கரவர்த்தி நீதிமான் என்று பெயர் எடுத்தவர். ஒரு நாள் வேட்டைக்குப் போன இடத்தில் இறைச்சி வேகிறது, உப்பு இல்லை. பக்கத்துக் கிராமத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சக்கரவர்த்தி அவனைக் கூப்பிட்டு, "காசு கொடுத்து வாங்கி வா" என்றார். கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு. ஒரு பிடி உப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

அவர் சொன்ன பதிலின் சாரம் இது: அநியாயம் என்பது உலகத்தில் முதலில் சின்னஞ்சிறு அளவில்தான் வந்தது. பிறகு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சேர்த்துத்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டது. ராஜா ஓசியில் உப்பு வாங்கினால், அதுவே வழக்கமாகி, நாளைக்குச் சிப்பாய் கோழியைப் பிடிப்பான், கிராமம் பாழாகும்.

நாமெல்லாம் சக்கரவர்த்தி இல்லைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ராஜ்யம் உண்டு. வேலை செய்ய வருகிற பெண்ணிடம், "இன்றைக்கு ஒரு நாள்தானே, இந்தப் பாத்திரங்களையும் தேய்த்துவிட்டுப் போயேன்" என்கிறோம். ஒரு நாள் என்பது ஒரு வாரமாகிறது, வாரம் வழக்கமாகிறது. பிறகு அவள் மாட்டேன் என்றால் நமக்குக் கோபம் வருகிறது! காய்கறிக்காரியிடம் பேரம் பேசி வாங்கியது போதாதென்று கொத்துமல்லியைத் தானாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. உப்புக்குக் காசு கொடுத்தாரே நௌஷீர்வான், அவர் பார்த்தது உப்பை அல்ல; பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை.

கப்பலில் ஒரு பையன்

ஒரு ராஜா கப்பலில் பிரயாணம் செய்தார். கூட வந்த அடிமைப் பையன் அதற்கு முன் கடலையே பார்த்ததில்லை. ஏறியதிலிருந்து ஒரே அழுகை, நடுக்கம். சமாதானம் சொல்லி ஒன்றும் பயன் இல்லை. ராஜாவுக்குப் பிரயாணமே கசந்துவிட்டது. கப்பலில் இருந்த ஓர் அறிஞர், "உத்தரவு கொடுத்தால் நான் அடக்குகிறேன்" என்றார். உத்தரவு கிடைத்ததும், பையனைத் தூக்கிக் கடலில் போடச் சொன்னார்! இரண்டு மூன்று முறை முழுகி எழுந்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு கையாலும் கப்பலைக் கட்டிக்கொண்டு ஏறினான். ஒரு மூலையில் போய் உட்கார்ந்தான். பிறகு மூச்சு விடவில்லை. முழுகிப் பார்க்காதவனுக்குக் கப்பலின் அருமை எப்படித் தெரியும் என்றார் அறிஞர்.

இது பொல்லாத வைத்தியம். தயவு செய்து யார் மீதும் பிரயோகம் செய்யாதீர்கள்! நாம் செய்யாவிட்டாலும் வாழ்க்கை அவ்வப்போது நம்மைத் தூக்கித் தண்ணீரில் போடத்தான் போடுகிறது. வீட்டில் ஒருவருக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்து தெளிந்த மறுநாள், அதே பழைய ரசமும் அதே பழைய சச்சரவும் எவ்வளவு தித்திப்பாக இருக்கின்றன!

ஸாதி தம்மைப் பற்றியே ஒன்று சொல்கிறார். ஒரு சமயம் காலுக்குச் செருப்பு வாங்கக் காசில்லாமல் மனம் நொந்துபோய் கூஃபா நகரத்து மசூதிக்குள் நுழைந்தார். அங்கே காலே இல்லாத ஒருவரைப் பார்த்தார். செருப்பு இல்லாத குறையைப் பொறுத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஓர் ஆட்சேபம் எழும். 'அடுத்தவருடைய கஷ்டத்தைப் பார்த்தா நான் ஆறுதல் அடைய வேண்டும்?' நியாயமான கேள்விதான். ஸாதியே இதற்குப் போஸ்தானில் பதில் வைத்திருக்கிறார்.

டமாஸ்கஸில் கொடிய பஞ்சம். மழை இல்லை, ஊற்று வற்றிவிட்டது. அந்தச் சமயம் ஸாதி ஒரு சிநேகிதரைச் சந்தித்தார். பெரிய பணக்காரர். ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தார். "உனக்கு என்னப்பா குறை? பஞ்சம் உன் வீட்டு வாசற்படி ஏறாதே!" என்றார் ஸாதி. சிநேகிதர் கோபத்துடன் பார்த்தார். தம் முகம் வெளுத்தது பசியினால் அல்ல, பசித்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என்றார். சுற்றிலும் ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது வாயில் வைத்த கவளம் விஷமாக இருக்கிறதாம்.

இரண்டு கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் குறையை அளக்கும்போது காலில்லாதவரை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் நிறைவை அளக்கும்போது டமாஸ்கஸ் சிநேகிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டால் அது திருப்தி அல்ல, சுயநலம்.

இன்னும் ஒரே ஒரு பிரயாணம்

பாரசீக வளைகுடாவில் கீஷ் என்ற தீவு. அங்கே ஒரு வியாபாரி. 150 ஒட்டகச் சுமை சரக்கு, 40 வேலைக்காரர்கள். ஒரு நாள் இரவு ஸாதியைத் தம் அறைக்கு அழைத்துப் போனார். உபசாரத்துக்கா? இல்லை, பேச! இன்ன ஊரில் இன்ன கூட்டாளி, இன்ன தேசத்தில் இன்ன சரக்கு, இது இந்த நிலத்தின் பத்திரம் என்று விடிய விடியப் பேச்சு. கடைசியில், "எனக்கு இன்னும் ஒரே ஒரு பிரயாணம்தான் பாக்கி. அதை முடித்துவிட்டால் ஒரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவேன்" என்றார்.

அது என்ன பிரயாணம் என்று கேட்டார் ஸாதி.

"பாரசீகத்துக் கந்தகத்தைச் சீனாவுக்குக் கொண்டுபோவேன், அங்கே நல்ல விலையாம். சீனத்துப் பீங்கானை ரூம் தேசத்துக்குக் கொண்டுபோவேன். அங்கிருந்து சரிகைப் பட்டை இந்தியாவுக்கு. இந்திய உருக்கை அலெப்போவுக்கு. அலெப்போ கண்ணாடியை யேமனுக்கு. யேமன் கோடுபோட்ட துணியைப் பாரசீகத்துக்கு. அவ்வளவுதான். பிறகு ஒரு கடையில் உட்கார்ந்துவிடுவேன்!"

அந்த 'ஒரே ஒரு' பிரயாணம் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டது, பார்த்தீர்களா?

சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டிலும் அந்த வியாபாரி இல்லையா? 'இந்தச் சீட்டு முடியட்டும், பிறகு நிம்மதி. பையன் பரீட்சை முடியட்டும், பிறகு நிம்மதி. பெண் கல்யாணம் ஆகட்டும், மாடி கட்டி முடியட்டும்...' ஒவ்வொன்றும் அவசியமான காரியம்தான்; வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிம்மதியை மட்டும் கடைசிச் சரக்காகக் கட்டி வைத்திருக்கிறோமே, அதைப் பிரிப்பதற்குள் ஆயுசு முடிந்துவிட்டால்? சாயங்காலம் குழந்தை மடியில் வந்து உட்காரும்போதே அதில் கொஞ்சம் பிரித்துச் சாப்பிட்டுவிடுவது நல்லது.

சாப்பாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பாரசீக அரசர் ஒருவர் திறமைசாலியான வைத்தியர் ஒருவரை நபிகள் நாயகத்திடம் அனுப்பினாராம். வைத்தியர் வெகு நாள் அரபு நாட்டில் இருந்தார். ஒருவரும் வைத்தியத்துக்கு வரவில்லை. மனம் விட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். இங்கே உள்ளவர்கள் நன்றாகப் பசித்த பிறகுதான் உட்காருகிறார்கள், கொஞ்சம் பசி பாக்கி இருக்கும்போதே எழுந்துவிடுகிறார்கள் என்று பதில் வந்தது. வைத்தியர் வணங்கிவிட்டு மூட்டையைக் கட்டினார்! பரிமாறுகிறவர்கள் கவனிக்க: வற்புறுத்திப் போடுகிற கடைசிக் கரண்டிதான் வைத்தியருக்குச் சீட்டு எழுதுகிறது.

நாக்கு என்னும் நண்பன்

குலிஸ்தானில் பேசாமல் இருப்பதன் பயனைச் சொல்வதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் நாக்கைப் பற்றி அவர் சொன்ன அருமையான கதைகள் மற்ற அத்தியாயங்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

சின்ன வயதில் ஸாதிக்குப் பக்தி அதிகம். ஓர் இரவு தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, கண் மூடாமல், குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இவர்களில் ஒருவராவது எழுந்து தொழுகிறாரா, பாருங்கள்! செத்தவர்களைப் போலத் தூங்குகிறார்களே" என்றான் பையன். தகப்பனார், "குழந்தாய், இப்படிப் பிறரைக் குறை சொல்வதைவிட நீயும் தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார்.

நாம் விரதம் இருக்கும் நாளில் விரதம் இல்லாதவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டால், அதைவிடப் பெரிய விரதம் உண்டா?

போஸ்தானில் இன்னொரு கதை. ஓர் ஏழையின் காலை நாய் கடித்துவிட்டது. ராத்திரி முழுவதும் வலியில் துடித்தார். அவருடைய சின்னப் பெண்ணுக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏன் அப்பா, உங்களுக்குப் பல் இல்லையா?" என்று கேட்டாள். அத்தனை வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கிறது, கண்ணே. ஆனால் என்னதான் ஆனாலும் நாயின் காலில் பல்லைப் பதிக்க என்னால் ஆகுமா?" என்றார். தெருவில் யாராவது தரக்குறைவாகப் பேசினால், பதிலுக்கு நாமும் அதே தரத்துக்கு இறங்கவேண்டும் என்று நாக்கு துடிக்கும்போது, இந்தப் பெண்ணையும் அப்பாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்துவிடும்; சிரிப்பு வந்தால் கோபம் போய்விடும்.

இனி, குலிஸ்தானின் முதல் கதை. அது சங்கடமான கதை. ஒரு ராஜா ஒரு கைதியைக் கொல்ல உத்தரவிட்டார். உயிர் போகப் போகிறது என்று தெரிந்ததும், கைதி தன் பாஷையில் ராஜாவை வாய்க்கு வந்தபடி திட்டினான். "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் ராஜா. நல்ல மனம் படைத்த மந்திரி ஒருவர், மன்னிக்கிறவர்களை அவன் புகழ்ந்து பேசுவதாகச் சொன்னார். ராஜா மனம் இளகி அவனை விட்டுவிட்டார். இன்னொரு மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "ராஜ சமூகத்தில் பொய் சொல்லலாமா? அவன் உங்களைத் திட்டினான்!" என்றார். ராஜா முகம் சுளித்தார். ஓர் உயிரைக் காத்த அந்தப் பொய், கெடுதல் நினைத்துச் சொன்ன இந்த உண்மையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

அப்படியானால் பொய் சொல்லலாமா? நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் இந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் என்பது உங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் கதையைச் சரியாகப் பாருங்கள். முதல் மந்திரி தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்லவில்லை. இரண்டாவது மந்திரியும் உண்மை மேல் இருந்த ஆசையால் உண்மை பேசவில்லை. நாத்தனார் சொன்னதை மன்னியிடமும் மன்னி சொன்னதை நாத்தனாரிடமும் ஓர் எழுத்துக் கூட மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "நான் பொய்யா சொன்னேன்? சொன்னதைத்தானே சொன்னேன்!" என்பார்கள். பொய் இல்லைதான். ஆனால் எதற்காகச் சொன்னாய் என்பதுதான் ஸாதியின் கேள்வி. காபி ஆற்றுகிறபோது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பத்துத் தினார்

இனி ஸாதி சொல்லும் ஒரு குடும்பக் கதை. சிலுவை யுத்தக்காரர்களிடம் கைதியாக அகப்பட்டு, டிரிபோலியில் மண் வெட்டிக்கொண்டிருந்தாராம். அலெப்போ நகரத்துப் பிரமுகர் ஒருவர் அடையாளம் கண்டு, 10 தினார் கொடுத்து மீட்டார். தம் வீட்டுக்கு அழைத்துப் போய், 100 தினார் மஹர் பேசித் தம் பெண்ணையும் கட்டி வைத்தார். பெண்ணுக்கு நாக்கு நீளம். ஒரு நாள் சண்டையில், "என் அப்பா 10 தினார் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தாரே, அந்த ஆள்தானே நீங்கள்?" என்றாளாம். "ஆமாம். பத்துக்கு மீட்டார், நூறுக்கு உன்னிடம் சிறை வைத்தார்!" என்றாராம் ஸாதி.

உங்கள் வீட்டு ஆண்கள் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் இந்த வழக்கில் ஒரு கட்சிதான் பேசியிருக்கிறது; அந்த அலெப்போப் பெண் தன் கட்சியை எழுதி வைக்கவில்லை. ஸாதி 13-ஆம் நூற்றாண்டு மனிதர். பெண்களைப் பற்றியும், பிரம்பெடுக்கும் உபாத்தியாயரைப் பற்றியும் அவர் சொன்னவற்றில் நாம் ஏற்க முடியாதவை பல உண்டு. அவருடைய பிரயாணங்கள் எல்லாமே நடந்தவைதானா என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். நம் குஜராத்துச் சோமநாதபுரத்துக்கு வந்ததாகப் போஸ்தானில் ஒரு கதை சொல்கிறார். அதில் முன்னுக்குப் பின் முரண் ஏராளம். ரோஜாத் தோட்டம் என்றால் முள் இல்லாமல் இருக்குமா? பூவைப் பறிக்கும்போது விரலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் அந்தப் பத்துத் தினாரை மறக்காதீர்கள். செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால், கொடுத்தது திரும்பி வருவதில்லை. கொடுத்த நன்மை மட்டும் போய்விடுகிறது. 'என் பிறந்த வீட்டில் போட்ட நகை', 'நான் சம்பாதித்துக் கொண்டு வருகிற பணம்' என்ற பேச்சுக்களுக்கும் அதே பத்துத் தினார்தான் விலை. இது மனைவிக்கும் பொருந்தும், கணவனுக்கும் பொருந்தும்.

வாசலில் வந்த கிழவர்

விருந்தாளி இல்லாமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் வைத்திருந்தார் இப்ராஹீம் நபி. ஒரு சமயம் ஒரு வாரம் வரை யாரும் வரவில்லை. தேடிக்கொண்டு வெளியே போனார். தலை நரைத்த கிழவர் ஒருவர் அகப்பட்டார். அன்போடு அழைத்து வந்து உட்கார வைத்தார். எல்லோரும் கடவுள் பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்கள், கிழவர் சொல்லவில்லை. விசாரித்தால், அவர் நெருப்பை வணங்குகிறவர். இப்ராஹீமுக்குக் கோபம் வந்துவிட்டது, வெளியே அனுப்பிவிட்டார்.

உடனே கடவுளிடமிருந்து கண்டிப்பு வந்தது. நூறு வருஷமாக நான் அவனுக்குச் சோறும் உயிரும் கொடுத்து வருகிறேன்; உன்னால் ஒரு வேளை பொறுத்துக்கொள்ள முடியவில்லையா?

பக்தியுள்ள முஸ்லிம் கவி, தாம் போற்றும் நபியையே நிறுத்தி வைத்துச் சொன்ன கதை இது. வேறு ஜாதி, வேறு மதம், வேறு பாஷை என்று நம் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்கும்போது, எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று ஒரு கணம் தயங்குகிறோமே, அந்தக் கணத்துக்காகச் சொன்ன கதை.

மூலையில் உட்கார்ந்த தாயார்

கடைசியாக, எல்லாவற்றையும் விடச் சின்னக் கதை. ஸாதி தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு சொல்கிறார்.

வாலிப முறுக்கில் ஒரு நாள் தாயாரைப் பார்த்துக் கத்திவிட்டார். தாயார் பதிலுக்குக் கத்தவில்லை. மனம் நொந்து ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுதுகொண்டே, "நீ குழந்தையாக இருந்ததை மறந்துவிட்டாயா? இப்படிக் கடுமையாகப் பேசுகிறாயே!" என்றாள்.

அவ்வளவுதான் கதை. கைதியை மன்னித்த ராஜா இல்லை, கப்பல் இல்லை, ஒட்டகம் இல்லை. ஒரு வீடு, ஒரு மூலை, ஒரு தாயார். ராஜாக்களின் சபையில் மதிப்பிருந்த பெரிய கவி, தலை நரைத்த பிறகும் அந்த மூலையை மறக்கவில்லை. எழுதி வைத்துவிட்டார்.

நாம் ஒவ்வொருவரும் இந்தக் கதையில் இரண்டு இடத்திலும் நின்றவர்கள். மகளாக இருந்தபோது கத்தியிருக்கிறோம். தாயாராகி, கத்தலை வாங்கிக்கொண்டு சமையலறை மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருக்கிறோம். அம்மா இருக்கிறவர்கள், இதைப் படித்து முடித்ததும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும், அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். அம்மா இல்லாதவர்கள், மாமியாரின் மூலையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

வாடாத பூ

ஸாதி 1291 அல்லது 1292-ல் ஷீராஸிலேயே காலமானார். தோட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1634-ல் பிரெஞ்சு பாஷைக்குப் போயிற்று. நம் நாட்டில் மொகலாய அரண்மனையில் சித்திரங்களோடு அழகிய பிரதிகள் எழுதினார்கள். பாரசீகம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்தியாவெங்கும் குலிஸ்தானும் போஸ்தானும்தான் பாடப் புஸ்தகம். ஆற்காட்டு நவாபின் தர்பாரிலும் பாரசீகம்தான் நடமாடியது. 1837-ல் கம்பெனி சர்க்கார் கச்சேரிகளிலிருந்து பாரசீகத்தை விலக்கச் சட்டம் செய்த பிறகும், ஸாதியின் கதைகள் வீடுகளிலிருந்து போய்விடவில்லை.

அவருடைய பாட்டுக்களில் மிகப் பிரசித்தமானது, மனிதர்களெல்லாம் ஓர் உடம்பின் அவயவங்கள் என்ற கருத்துள்ளது. டமாஸ்கஸ் மசூதியில், கொடுங்கோலன் என்று பெயர் எடுத்த ஓர் அரசன், எதிரிக்குப் பயந்து, தனக்காகப் பிரார்த்தனை செய்யும்படி ஸாதியைக் கேட்டானாம். முதலில் நீ எளியவர்களிடம் இரக்கம் காட்டு என்று அவனுக்குச் சொன்ன கதையின் அருகில்தான் அந்தப் பாட்டு வருகிறது. 2009-ஆம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, ஈரான் மக்களுக்கு அனுப்பிய புத்தாண்டுச் செய்தியில் அதைத்தான் எடுத்துச் சொன்னார். இரண்டு தேசமும் மனஸ்தாபத்தில் இருந்த காலம். சமாதானப் பேச்சுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டபோது, ஷீராஸ் கிழவரிடம்தான் கடன் கேட்க வேண்டியிருந்தது!

அன்று அந்தச் சிநேகிதர் மடியிலிருந்து கொட்டிய ரோஜாப் பூக்கள் மறுநாளே வாடியிருக்கும். ஸாதி பறித்துக் கொடுத்தவற்றில் சிலவற்றை இன்று உங்களுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் வேண்டாம், ஒன்றே ஒன்றை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். உப்போ, கப்பலோ, பத்துத் தினாரோ, உங்கள் வீட்டுக்கு எது தேவையோ அது. பிறருக்குச் சொல்லவேண்டும் என்பதில்லை. பூ வைத்துக்கொண்டு வருகிறவள், "பூ வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டா வருகிறாள்?